ஹார்டு டிஸ்க் மெதுவாகிவிட்டதா? ஃபார்மேட் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

மும்பையில் நம் ஆட்களின் வீடுகளில், செம்பூர், முலுண்ட், தாராவி எதுவானாலும், பிள்ளைகள் காலேஜ் போன காலத்தில் வாங்கிய ஒரு டெஸ்க்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் 500 ஜிபி அல்லது 1 டிபி ஹார்டு டிஸ்க். அதில் தங்கையின் கல்யாண வீடியோ, ஊர்க் கொடையில் எடுத்த ஃபோட்டோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், அப்பாவின் பென்ஷன் காகிதங்கள் என்று எல்லாம் கிடக்கும். ஒருநாள் அது இழுக்க ஆரம்பிக்கும். விண்டோஸ் திறக்கவே பத்து நிமிடம், ஒரு ஃபோல்டரைக் கிளிக் செய்தால் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டில் கேட்டால், சொசைட்டி வாசலில் இருக்கும் ரிப்பேர் கடையில் கேட்டால், ஒரே பதில்தான்: "ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்."

ஃபார்மேட் என்றால் டிஸ்க்கில் இருப்பதை மொத்தமாக அழிப்பது. தயவுசெய்து அவசரப்பட்டு அதைச் செய்யாதீர்கள். ஹார்டு டிஸ்க் மெதுவாவது பல சமயம் வெறும் சுமையால்தான். ஆனால் சில சமயம் அது டிஸ்க் சாகப்போவதன் முதல் அறிகுறி. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் இங்கே எல்லாம். முதலில் உள்ளே இருப்பதைக் காப்பாற்ற வேண்டும், அப்புறம் காரணத்தைத் தேட வேண்டும், வேகத்தைப் பற்றிய யோசனை கடைசியில்.

முதல் வேலை: காப்பி

வெளியில் இணைக்கும் ஒரு ஹார்டு டிஸ்க்கை வாங்குங்கள், இல்லையென்றால் நம்பகமானவரிடம் இரவல் கேளுங்கள். மதர்போர்டோடு சேர்ந்த, பின்பக்க யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். நீல நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் யுஎஸ்பி 3. பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் நொடிக்கு 35 எம்பி அளவுக்குத்தான் போகும், 500 ஜிபி காப்பியாக நான்கு மணி நேரம் பிடிக்கும். யுஎஸ்பி 3-இல் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மொத்த டிரைவையும் ஒரே மூச்சில் இழுத்துப் போட வேண்டாம். திரும்பக் கிடைக்காததை முதலில் எடுங்கள்: ஃபோட்டோ, வீடியோ, ஸ்கேன், டாலி கணக்கு வைத்திருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர். சினிமாவும் சாஃப்ட்வேர் செட்டப் ஃபைல்களும் மறுபடி கிடைக்கும், அவை கடைசியில் வரட்டும். நடுவில் ஒரு ஃபைலில் காப்பி நின்றுபோனால் அதை 'ஸ்கிப்' கொடுத்துத் தாண்டிப் போங்கள். அந்த ஒரு ஃபைலோடு மல்லுக்கட்டினால், பழுதான இடத்தையே டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்கும், இருக்கிற உயிரும் போகும்.

டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்...' என்று சீரான இடைவெளியில் சத்தம் வந்தால் இது எதையும் செய்யாதீர்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். உள்ளே சுற்றும் தகட்டைப் படிக்கும் 'ஹெட்' என்ற முனை தகட்டில் உரசிக்கொண்டிருக்கலாம். ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான். உள்ளே இருப்பது அவ்வளவு முக்கியம் என்றால் டேட்டா ரெக்கவரி செய்யும் நிறுவனத்திடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள், செலவு ஆயிரக்கணக்கில் ஆகும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும், தட்டினால் சரியாகும் என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

டிஸ்க்தான் காரணமா என்று பாருங்கள்

காப்பி முடிந்ததா? இனி பதற்றமில்லாமல் ஆராயலாம்.

கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போங்கள். டிஸ்க்கைப் பார்ப்பதற்கு முன் 'மெமரி'யைப் பாருங்கள், ரேம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரு பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போதே 85, 90 சதவீதம் நிரம்பியிருந்தால், உங்கள் பிரச்சினையின் பெரும்பங்கு அங்கேதான். ரேம் போதாதபோது விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். பாவம், டிஸ்க் நாள் முழுக்க அந்த வேலையிலேயே மாட்டிக்கொள்ளும். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 10 ஓட்டும் வீடுகளில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்பதற்கு இதுதான் மிகச் சாதாரணமான காரணம். அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட் காலி என்றும் காட்டும். காலி இருந்தால் இன்னொரு 4 ஜிபி போட்டாலே நிலைமை மாறும். வாங்கப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள், எந்தத் தலைமுறை ரேம் என்று கடைக்காரரே பார்த்துச் சொல்லிவிடுவார்.

ரேம் போதுமானதாக இருந்தால் 'டிஸ்க்'கைக் கிளிக் செய்யுங்கள். அது ஹெச்டிடியா (தகடு சுற்றும் ஹார்டு டிஸ்க்) எஸ்எஸ்டியா (சுற்றும் தகடு இல்லாத புது வகை) என்று அங்கேயே எழுதியிருக்கும். மூன்று எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஆக்டிவ் டைம் (டிஸ்க் வேலையில் இருக்கும் நேரம்), ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் (கேட்டதைக் கொடுக்க எடுக்கும் நேரம்), படிக்கும் எழுதும் வேகம். ஆக்டிவ் டைம் 100 சதவீதம் என்றதும் பயப்பட வேண்டாம், பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது அப்படித்தான் இருக்கும். கவலைப்பட வேண்டியது இந்தக் கூட்டணியைப் பார்த்தால்தான்: ஆக்டிவ் டைம் 100, வேகமோ ஒரு எம்பிகூட இல்லை, ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்ட்.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும். ஹார்டு டிஸ்க்குக்குள் தகடுகள் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகின்றன, லேப்டாப் டிஸ்க்கில் பெரும்பாலும் 5400. ஒரு ஹெட் நகர்ந்து சரியான வட்டத்துக்குப் போக சுமார் 9 மில்லிசெகண்ட், அந்த இடம் சுற்றி வந்து ஹெட்டுக்கு நேராக நிற்கச் சராசரியாக இன்னும் 4. ஆக ஒரு துண்டை எடுக்க 13 மில்லிசெகண்ட், நொடிக்கு 75 துண்டு. ஒரு துண்டு 4 கேபி என்று வைத்தால் நொடிக்கு வெறும் 300 கேபி. அதே டிஸ்க், தொடர்ச்சியாக எழுதப்பட்ட ஒரு சினிமா ஃபைலை நொடிக்கு 150 எம்பிகூடப் படித்துவிடும். கூரியர் பையன் ஒரே பில்டிங்கில் நூறு கவர் கொடுப்பதற்கும், கொலாபாவில் ஒன்று விராரில் ஒன்று என்று கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. விண்டோஸ் திறப்பதும், புரோகிராம் தொடங்குவதும் இரண்டாவது வகை வேலை. நல்ல நிலையில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கே அதில் திணறும்.

எனவே சாதாரண வேலையில் ரெஸ்பான்ஸ் டைம் 10 முதல் 30 மில்லிசெகண்ட் என்றால் டிஸ்க் ஒழுங்காக இருக்கிறது. நிறைய புரோகிராம்கள் ஒரே நேரத்தில் கேட்கும்போது சில நூறுகள் வரும், போகும். எதுவுமே ஓடாதபோது ஆயிரங்களில் நின்றால் அடுத்த பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

டிஸ்க்கின் உடல்நிலை

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது, அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படிக்க 'கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவசப் புரோகிராம் போதும். அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள், கண்ட தளங்களில் இதன் பெயரில் விளம்பரக் குப்பையைச் சேர்த்துக் கொடுப்பார்கள்.

திறந்ததும் 'குட்', 'காஷன்', 'பேட்' என்று ஒரு வார்த்தை பெரிதாகத் தெரியும். அதோடு நிறுத்திக்கொள்ளாமல் கீழே உள்ள பட்டியலில் நான்கு வரிகளைத் தேடுங்கள். 'ரீஅலொகேட்டட் செக்டார்ஸ்' என்பது பழுதாகிப்போய், உபரி இடத்துக்கு மாற்றப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கை. 'கரன்ட் பெண்டிங் செக்டார்' என்பது டிஸ்க்கால் இப்போது படிக்க முடியாமல் தொங்கலில் இருப்பவை. 'அன்கரெக்டபிள் செக்டார்' என்பது முயன்றும் மீட்க முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பட்டியலின் கடைசி நெடுவரிசையில் வரும் எண்கள் வழக்கமாகப் பதினாறடிமான முறையில் (0 முதல் 9, A முதல் F வரை கலந்து) இருக்கும், மெனுவில் அதைச் சாதாரண எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

மெதுவாவதற்கு நேரடிக் காரணம் பெரும்பாலும் அந்த இரண்டாவது வரி. படிக்க முடியாத ஒரு துண்டில் டிஸ்க் விடாமல் பல நொடிகள் முயன்றுகொண்டே இருக்கும், அந்த நேரம் முழுக்கக் கம்ப்யூட்டர் உறைந்து நிற்கும். பெண்டிங் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டினால், இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் எட்டு என்று ஏறினால், அந்த டிஸ்க்கை நம்பி ஒரு ஃபைலையும் வைக்காதீர்கள். ரீஅலொகேட்டட் ஐந்து ஆறு என்று வந்து மாதக்கணக்கில் அப்படியே நின்றால் சிலர் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். என்னைக் கேட்டால், குடும்ப ஃபோட்டோவை அதில் விட்டு வைக்க மாட்டேன்.

நான்காவது வரி நல்ல செய்தி கொண்டுவரக்கூடியது: 'சிஆர்சி எரர்'. இது ஏறினால் குறை பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை, டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளில். கடலோர ஊர், ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை ஈரம், கேபிள் முனைகள் கறுத்துப்போவதும் தளர்வதும் இங்கே அதிசயமில்லை. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கேபிளையே மாற்றுங்கள், மலிவான பொருள். பழைய எண்ணிக்கை குறையாது, அது அப்படியே நிற்கும். மேற்கொண்டு ஏறவில்லை என்றால் வேலை முடிந்தது.

அதே திரையில் வெப்பநிலையும் தெரியும். 45 டிகிரிக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் கேபினெட் சுவரோடு ஒட்டி நிற்கிறதா, ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சின்ன வீட்டில் மேசைக்கு அடியில் துணி மூட்டைக்குப் பக்கத்தில் சிபியூ நிற்பது சகஜம்தான், ஆனாலும் பின்பக்கம் நான்கு விரல் இடமாவது விடுங்கள்.

ஸ்மார்ட் எல்லாம் சுத்தமாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'ஈவன்ட் வியூவர்' திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் போங்கள். 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண்ணோடு வரிகள் குவிந்திருந்தால், விண்டோஸும் அதே புகாரைச் சொல்கிறது என்று அர்த்தம். 7 என்றால் பழுதான இடம், 153 என்றால் திரும்ப முயல வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. டிரைவில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், 'எரர் செக்கிங்' என்று ஒரு சோதனை உண்டு. கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் திடீரென அணைந்த பிறகு ஃபைல் அமைப்பு குழம்பியிருந்தால் அது நன்றாகவே உதவும். டிஸ்க்கின் பரப்பு முழுவதையும் சோதிக்கும் நீண்ட வகையை மட்டும், காப்பி எடுக்காத பழுதான டிஸ்க்கில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். மணிக்கணக்கில் டிஸ்க்கை வாட்டி எடுக்கும் அந்தச் சோதனையிலேயே அது நின்றுவிடலாம்.

டிஸ்க் நலம், ஆனாலும் இழுக்கிறது

அப்படியென்றால் சுமையைக் குறைக்க வேண்டியதுதான். இதில் பாதி வேலை பத்து நிமிடத்தில் முடியும்.

டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்டப்' பகுதியைத் திறந்து, கம்ப்யூட்டரோடு சேர்ந்து தானாகத் திறப்பவற்றைப் பாருங்கள். மியூசிக் ஆப், மீட்டிங் ஆப், பிரிண்டரோடு வந்த நான்கு உதவியாளர்கள், எப்போதோ போட்ட டவுன்லோடர், எல்லாவற்றையும் 'டிசேபிள்' செய்யலாம். அவை அழிந்துபோகாது, நீங்கள் கூப்பிடும்போது மட்டும் வரும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு பேர் சோதிப்பதால் பாதுகாப்பு இரட்டிப்பாவதில்லை, வேகம்தான் போகிறது.

எந்தப் புரோகிராம் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிய 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறந்து, டிஸ்க் பகுதியைப் பாருங்கள். எந்த ஃபைலில் எவ்வளவு வேலை நடக்கிறது என்று வரிவரியாகச் சொல்லும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து ஆன் செய்தால், விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ், தேடல் பட்டியல் தயாரிப்பு மூன்றும் ஒன்றாக வரிசையில் நிற்கும். அப்போது எதையும் நோண்டாமல் இரண்டு மூன்று மணி நேரம் சும்மா ஓடவிடுவதே சரியான வைத்தியம்.

இடம். சி டிரைவில் குறைந்தது 15 சதவீதம் காலியாக இருக்கட்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியாகப் போனால் தற்காலிக ஃபைல்களையும், பழைய விண்டோஸ் மிச்சத்தையும் அழிக்கலாம். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரும் டிக் செய்யும்படி நிற்கும். அதற்குள் உங்கள் ஆதார், மார்க்‌ஷீட் எல்லாம் கிடக்கலாம், பார்க்காமல் டிக் போட வேண்டாம்.

டிஃப்ராக் செய்வது ஹார்டு டிஸ்க்குக்கு இன்றும் பயன்தான். ஒரே ஃபைல் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் ஹெட் அங்கும் இங்கும் ஓட வேண்டும் என்று மேலே பார்த்தோமே, அதைத்தான் இது குறைக்கிறது. 'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்று தேடினால் வரும். வழக்கமாக விண்டோஸ் வாரம் ஒருமுறை தானே செய்யும், இரவில் கம்ப்யூட்டர் அணைந்தே கிடந்தால் அது தள்ளிப்போயிருக்கலாம். இதற்குத் தனிப் புரோகிராம் வாங்க வேண்டாம். பழுதான டிஸ்க்கில் செய்யவும் வேண்டாம்.

இன்னொன்று பலரைக் குழப்பும். டி டிரைவ் தனி டிஸ்க்காக இருந்து, அதைக் கொஞ்ச நேரம் தொடாமல் திறந்தால் மட்டும் ஐந்தாறு நொடி நிற்கிறது, 'வூம்' என்று சுற்றும் சத்தம் வருகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது என்றால் அது நோயே இல்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க, 20 நிமிடம் சும்மா இருந்தால் டிஸ்க்கை நிறுத்தும்படி விண்டோஸில் அமைப்பு உள்ளது. பவர் ஆப்ஷன்ஸில் போய் அந்த நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டிக்கு மாறுவது

மேலே சொன்னதெல்லாம் செய்தால் விண்டோஸ் திறக்க ஆகும் பத்து நிமிடம் மூன்று நிமிடமாகும். முப்பது நொடி வேண்டும் என்றால் விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்றுவது ஒன்றுதான் வழி. அதில் சுற்றும் தகடு இல்லை, நகரும் ஹெட் இல்லை, 13 மில்லிசெகண்ட் காத்திருப்பும் இல்லை. பழைய மதர்போர்டில் இருக்கும் சாட்டா இணைப்பில் நொடிக்கு 550 எம்பிதான் உச்சம், ஆனால் அந்த எண்ணைவிட, சின்னச் சின்னத் துண்டுகளை உடனுக்குடன் எடுப்பதில்தான் நமக்கு லாபம். எஸ்எஸ்டியை நேராக மதர்போர்டிலேயே செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று மதர்போர்டின் மாடலை வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டாலும் சாட்டா எஸ்எஸ்டியே வீட்டு வேலைக்குத் தாராளம். விண்டோஸுக்கு 256 ஜிபி போதும், படங்களும் வீடியோவும் ஆரோக்கியமான பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.

வாங்குவதற்கு லாமிங்டன் ரோடு, கிராண்ட் ரோடு ஸ்டேஷன் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் கடைத் தெரு. தாராவிக்காரர்கள் மாஹிமில் ஏறினால் நேராக கிராண்ட் ரோடு. மாட்டுங்கா, சயன், முலுண்ட் பக்கமிருந்து வருபவர்கள் தாதரில் வெஸ்டர்ன் லைனுக்கு மாற வேண்டும். ஸ்லோ லோக்கல்தான் அங்கே நிற்கும். கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் கடைகள் வரிசையாக வரும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். மெமரி விலை ஏறி இறங்கும் பொருள், அதனால் இரண்டு மூன்று கடையில் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், அதில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள், அந்த நம்பரைக் கம்பெனியின் தளத்தில் போட்டு வாரன்டியைச் சரிபாருங்கள். வீட்டுக்கு வந்து செருகியதும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' பாருங்கள். புதியது என்று விற்றதில் ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டினால் அது பழைய சரக்கு, அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

மாற்ற இரண்டு வழி. இருப்பதை அப்படியே குளோன் செய்யலாம், அதாவது பழைய டிஸ்க்கை மொத்தமாகப் புதியதில் நகலெடுக்கலாம். இதற்குக் குளோன்ஜில்லா என்ற புரோகிராம் இலவசம், பல எஸ்எஸ்டி கம்பெனிகளும் தங்கள் புரோகிராமைத் தருகின்றன. குளோன்ஜில்லாவுக்குப் புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை இறக்கி, புதிதாகப் போடலாம். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன கம்ப்யூட்டர் என்றால், மதர்போர்டு மாறாதவரை அது தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். பல வருடக் குப்பை சேர்ந்த கம்ப்யூட்டருக்கு நான் புதிதாகப் போடுவதைத்தான் சொல்வேன். எந்த வழியானாலும் முதல் முறை ஆன் செய்யும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். எதிலிருந்து திறக்கிறது என்ற குழப்பமும் வராது, கை தவறி பழையதை அழிக்கும் ஆபத்தும் இருக்காது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். அதற்கும் பழைய கம்ப்யூட்டராக இருந்தால், செலவு செய்யும் முன் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பிரவுசரும் கடிதமும் மட்டும் போதும் என்பவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும், தமிழிலும் தட்டச்சு செய்யலாம்.

கழற்றிய பழைய டிஸ்க்கை உடனே பங்கார்வாலாவிடம் (பழைய சாமான் வாங்குபவரிடம்) போட்டுவிடாதீர்கள். புதியது ஒரு மாதமாவது ஒழுங்காக ஓடட்டும், ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். பிறகு கொடுப்பதென்றால், அதை இணைத்து, 'குயிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள், 1 டிபிக்குச் சில மணி நேரம் ஆகும். குயிக் ஃபார்மேட்டில் பட்டியல்தான் அழியும், உங்கள் பான் கார்டு ஸ்கேன் உள்ளேயே இருக்கும். ஃபார்மேட் கூட ஆகாத அளவுக்குப் பழுதான டிஸ்க் என்றால் ட்ரில்லால் தகடுகள் வழியாக நான்கைந்து ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள். சில லேப்டாப் டிஸ்க்குகளில் தகடு கண்ணாடியால் ஆனது, சிதறும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.